எழவுக்கு வந்த கூட்டம், கரண்ட் வைக்கப் போனப்ப எங்க இருந்துச்சு?

1.
போன வருஷம் பென்னலூர் பக்கத்துல ஒரு சாவு வீட்டுக்குப் போனேன். தெரு அடைச்சு சாமியானா, வாசல்ல ஃப்ரீசர் பாக்ஸ், கரண்ட் கம்பத்துல கண்ணீர் அஞ்சலி பேனர், சேர் பத்தாம நின்னுட்டிருந்த ஜனம். குறைஞ்சது 200 பேர் இருக்கும். இறந்தது என்கிட்ட வைத்தியம் பார்த்த ஒரு அக்கா. வயசு 47. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்.

அவங்களுக்கு 25 நாள் கதிர்வீச்சு சிகிச்சை நடந்துச்சு. அதுல 19 நாள் தனியாப் போயிட்டுத் தனியா வந்திருக்காங்க.

200 பேர். 19 நாள். இந்த ரெண்டு எண்ணும் என்னைத் தூங்க விடல. அதனாலதான் இந்த நீளமான பதிவு. கொஞ்சம் கோபமாத்தான் இருக்கும். குடும்பத்தோட அனுமதி வாங்கி, ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாத்தி எழுதறேன்.

2.
கதிர்வீச்சை நம்ம மக்கள் "கரண்ட் வைக்கிறது"ன்னு சொல்வாங்க. இந்த நோய்க்கு வாரத்துக்கு 5 நாள் வீதம் சுமார் 5 வாரம் வைக்கணும். கூடவே வாரம் ஒரு கீமோ. அப்புறம் உள்ளே வைக்கிற கதிர்வீச்சு தனி. மொத்தத்தையும் 8 வாரத்துக்குள்ள முடிக்கணும். நாள் தள்ளத் தள்ள நோய் கட்டுக்குள் வர்ற வாய்ப்பு குறையும். இது பாடப்புத்தகத்துல இருக்கிற விஷயம், எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வாங்க.

அக்காவுக்கு 10 வாரத்துக்கு மேல ஆச்சு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில ரோடு மூழ்கி 5 நாள் போச்சு. ரத்த அணு குறைஞ்சு சில நாள். பஸ் ஏற உடம்புல தெம்பு இல்லாம சில நாள். பையன் நைட் ஷிப்ட். லீவு போட்டா சம்பளம் போகும். அவன் கூட வந்தது 6 நாள்.

ஒரு வருஷம் கழிச்சு நோய் திரும்பி வந்துச்சு. விட்டுப்போன நாட்களாலதான் வந்துச்சுன்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது. எல்லா நாளும் ஒழுங்காப் போனவங்களுக்கும் திரும்பி வர்றது உண்டு. ஆனா அந்த நாட்கள் விடுபடாம இருந்திருக்கலாம். அதை அடிச்சுச் சொல்வேன்.

3.
இதுல என் பங்கையும் சொல்லிடறேன். அவங்க ஒவ்வொரு தடவை வந்தப்பவும் நான் சொன்னது ஒரே வார்த்தை: "தைரியமா இருங்கக்கா."

யார் கூட வர்றாங்கன்னு ஒரு தடவை கூட நான் கேட்கல.

4.
"தைரியமா இரு", "பாசிட்டிவா நினை", "மனசுதான் மருந்து". புற்றுநோய் வந்த எல்லாருக்கும் நாம சும்மா தூக்கிக் கொடுக்கிற மாத்திரை இது. செலவில்லாத மாத்திரை. கொடுத்தவர் கடமை அதோட முடிஞ்சுடும்.

இது வேலை செய்யுதா? தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த 1,093 பேரை வச்சு அமெரிக்காவுல பார்த்த ஒரு ஆய்வு 2007ல வந்துச்சு. மனநிலை நல்லா இருந்தவங்க அதனால கூடுதல் நாள் உயிரோட இருந்தாங்கன்னு அதுல தெரியல.

மனசு நல்லா இருந்தா வலியும் தூக்கமும் கொஞ்சம் சீராகலாம், அதை நான் மறுக்கல. ஆனா "நீ தைரியமா இருந்தா குணமாகிடும்"னு சொல்றதோட மறுபக்கம் என்ன தெரியுமா? குணமாகலைன்னா அது உன் தப்பு. கடைசி மாசத்துல அந்த அக்கா என்கிட்ட கேட்டாங்க: "நான் சரியாத் தைரியமா இல்லையோ டாக்டர்?"

இந்தக் கேள்விக்கு நான் பொறுப்பு. நீங்களும்தான்.

5.
வேற ஒரு ஆய்வு. 2013ல வந்தது, அமெரிக்காவுல 7 லட்சத்துக்கும் மேல நோயாளிகளோட பதிவுகள். கல்யாணம் ஆகி துணையோட இருந்தவங்களுக்கு நோய் முத்திப்போறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்கப்பட்டிருக்கு. முறையான சிகிச்சை கிடைச்ச விகிதமும் அவங்ககிட்ட அதிகம். புற்றுநோயால இறந்தது சுமார் 20 சதவீதம் குறைவு.

தாலிக்கு மந்திர சக்தின்னு யாரும் கிளம்பிடாதீங்க. கூட ஒரு ஆள் இருந்தா என்ன நடக்கும்? "ரெண்டு மாசமா ரத்தம் போகுதே, வா ஆஸ்பத்திரிக்கு"ன்னு இழுத்துட்டுப் போவாங்க. டோக்கன் எடுப்பாங்க. டாக்டர் சொன்னதுல பாதியை ஞாபகம் வச்சிருப்பாங்க. வாந்திக்கு நடுவுல கஞ்சி கொடுப்பாங்க. அவ்வளவுதான். இதைப் புருஷன்தான் செய்யணும்னு இல்ல. பக்கத்து வீட்டுக்காரியும் செய்யலாம்.

ஆறுதல்னா வார்த்தைன்னு நினைச்சுட்டோம். நோயாளிக்குத் தேவை ஒரு ஏற்பாடு. திங்கட்கிழமை யாரு, செவ்வாய்க்கிழமை யாருன்னு பேர் போட்ட ஏற்பாடு.

6.
அப்போ அந்த அக்காவுக்கு ஏன் யாரும் இல்ல? இங்கேதான் ஏரி வருது.

அவங்க இளம் வயசுல நடவு ஆள். ஏரிப் பாசனத்துல நாத்து நடற பத்துப் பன்னெண்டு பொம்பளைங்க ஒரு செட்டு. ஒருத்திக்குக் காய்ச்சல்னா மத்தவங்களுக்கு அன்னைக்கே தெரியும், வரிசையில ஒரு இடம் காலியா இருக்குமே. பிரசவம், சண்டை, கடன் எல்லாம் அந்த வரப்புல பேசித் தீர்ந்த விஷயம்.

அப்புறம் நிலம் பிளாட் ஆச்சு, கம்பெனி ஆச்சு. வேலை கிடைச்சுது, பொய் சொல்லக் கூடாது. கையில காசு வந்துச்சு, பசங்க படிச்சாங்க. ஆனா அந்த செட்டு சிதறிடுச்சு. ஒருத்தி ஒரகடத்துல ஹவுஸ் கீப்பிங், ஒருத்தி இருங்காட்டுக்கோட்டையில கேன்டீன், ஒருத்தி வல்லத்துல. ஷிப்ட் வேற, பஸ் வேற. ஒரே தெருவுல இருந்துக்கிட்டு மாசக்கணக்கா முகம் பார்க்காதவங்க இருக்காங்க.

அக்கா என்கிட்ட ஒரு தடவை சொன்னாங்க: "ஏரில தண்ணி நின்னப்ப எனக்கு ஆள் இருந்துச்சு டாக்டர்." நான் அதைக் கிழவி காலத்துப் பேச்சுன்னு கேட்டு விட்டுட்டேன். அவங்க எனக்கு நோய்க்குறி சொல்லியிருக்காங்க.

7.
அந்த ஏரிகள் கதையையும் பாருங்க. செம்பரம்பாக்கம் நமக்குப் பக்கம்தான். 2015 டிசம்பர்ல அதுல இருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்து விட்டாங்க. அடையாறு கரையில என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். 2019 கோடையில அதே ஏரி வறண்டு தரை வெடிச்சுக் கிடந்துச்சு. 2023ல மறுபடி வெள்ளம். 2024 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு அறிவிச்சுது.

பத்து வருஷத்துக்குள்ள ஒரு மண்ணு இத்தனை தடவை முகம் மாறினா, அங்கே பிறந்து வளர்ந்தவங்களுக்கு உள்ளே எதுவோ உடையும். சொந்த ஊர்லயே இருந்துக்கிட்டு ஊரை இழந்த மாதிரி ஒரு ஏக்கம். இதுக்கு ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் கிளென் ஆல்பிரெக்ட் "சோலஸ்டால்ஜியா"ன்னு பேர் வச்சார். அங்கே நிலக்கரிச் சுரங்கத்தால உருமாறிப்போன ஒரு பள்ளத்தாக்கு மக்களைப் பார்த்து வச்ச பேர் அது. காலநிலைத் துக்கம்னு இப்ப எல்லாரும் பேசறதுல இதுவும் அடக்கம்.

8.
"இதெல்லாம் வசதியானவங்க வியாதி டாக்டர்"னு கமெண்ட் வரும்னு தெரியும். என்கிட்ட வந்தது ஒரு இன்ஜினியரிங் மாணவன். மழை அடிச்சா ராத்திரி முழுக்க முழிச்சிருப்பான். 2015ல சின்னப் பையனா மொட்டை மாடியில ரெண்டு நாள் இருந்தவன். "கல்யாணம் பண்ணி, குழந்தை பெத்து, எந்த ஊர்ல டாக்டர் வளர்க்கிறது?"ன்னு கேட்டான்.

2021ல இந்தியா உட்பட 10 நாடுகள்ல 16லிருந்து 25 வயசுக்குள்ள இருக்கிற 10,000 பேரைக் கேட்டாங்க. 59 சதவீதம் பேர் காலநிலை மாற்றம் பற்றி ரொம்பக் கவலைப்படறதாச் சொன்னாங்க. 45 சதவீதத்துக்கும் மேல அது அன்றாட வாழ்க்கையையே பாதிக்குதுன்னாங்க.

அவனுக்கு நான் கொடுத்தது: ஒரு வாரத்துக்குத் தூக்க மாத்திரை. "நியூஸ் பார்க்காதே"ன்னு ஒரு அறிவுரை. அக்காவுக்கு "தைரியமா இருங்க", இவனுக்கு "நியூஸ் பார்க்காதே". ரெண்டு பேரையும் தனித்தனியா வீட்டுக்கு அனுப்பிட்டேன். ஊர் சேர்ந்து சுமக்க வேண்டியதை ஒரு ஆள் தலையில ஏத்தி, "உன் மனசைச் சரி பண்ணிக்கோ"ன்னு சொன்னதுதான் நான் செஞ்ச தப்பு. இந்தத் தப்பைத்தான் ஊர் மொத்தமும் செய்யுது.

9.
ஒரு விஷயத்தைத் தெளிவாச் சொல்லிடறேன். "கம்பெனிப் புகையாலதான் அந்த அக்காவுக்கு கேன்சர்"னு இதை யாரும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஹெச்.பி.வி. வைரஸால வர்றது. தடுப்பூசி இருக்கு, முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பரிசோதனை இருக்கு. காற்று மாசு புற்றுநோயை உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013லயே அறிவிச்சதும் உண்மை. ஆனா இந்த ஆளுக்கு இந்தப் புகையாலதான்னு கைகாட்ட என்கிட்ட சான்று இல்ல.

காலநிலைக்கும் புற்றுநோய்க்கும் சந்தேகமில்லாத ஒரு தொடர்பு வேற இடத்துல இருக்கு. அமெரிக்காவுல கதிர்வீச்சு எடுத்துட்டிருக்கும்போது தங்கள் பகுதியில சூறாவளிப் பேரிடர் அறிவிக்கப்பட்ட நுரையீரல் புற்றுநோயாளிகளை, அதே சிகிச்சையைப் புயல் இல்லாம முடிச்சவங்களோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. 2019ல வந்த ஆய்வு. புயல்ல மாட்டினவங்களுக்கு இறக்கும் அபாயம் 19 சதவீதம் அதிகம். சிகிச்சை தடைப்பட்டதுதான் முக்கியக் காரணம்னு அந்த டாக்டர்கள் சொல்றாங்க. மிக்ஜாம்ல அந்த அக்கா விட்ட 5 நாளை நினைச்சுக்கிட்டு இதைப் படிங்க.

10.
"இதெல்லாம் அரசாங்கத்தோட வேலைதானே டாக்டர்?" ஆமாம். முதல்ல அவங்க வேலைதான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை இருக்கு. 2021ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல, படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு வீட்டுக்கே வந்து வலி நிவாரண சிகிச்சை கொடுக்கணும். காஞ்சிபுரம் காரப்பேட்டையில அண்ணா பேர்ல புற்றுநோய் மருத்துவமனை இருக்கு. கேளுங்க, உரிமையோட கேளுங்க. சிகிச்சை நடக்கிற ஊருக்கு பஸ் கேளுங்க.

ஆனா ராத்திரி 2 மணிக்கு வாந்தி எடுக்கும்போது முதுகைத் தடவிக் கொடுக்க எந்தத் திட்டமும் வராது. அதுக்குப் பக்கத்து வீடுதான்.

11.
கம்பெனிகளுக்கு ஒரு வார்த்தை. அக்டோபர் மாசம் பிங்க் டி-ஷர்ட், வாக்கத்தான், செல்ஃபி ஸ்டாண்ட் எல்லாம் பார்த்தாச்சு. உங்க ஹவுஸ் கீப்பிங் அம்மாவுக்குப் புற்றுநோய்னா கான்ட்ராக்டர் லிஸ்ட்ல இருந்து பேர் தூக்காம இருக்கீங்களா? கரண்ட் வைக்கப் போற பையனோட அம்மாவுக்காக ஷிப்ட் மாத்திக் கொடுக்கறீங்களா? அதுதான் விழிப்புணர்வு.

தொழிலாளிகளுக்கு: இ.எஸ்.ஐ. கார்டு இருந்தா இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. புற்றுநோய் உட்பட 34 நீண்டகால நோய்களுக்கு, வேலைக்குப் போக முடியாத காலத்துல சம்பளத்துல 80 சதவீதம், அதிகபட்சம் 2 வருஷம் வரை கிடைக்க வழி இருக்கு. குறைஞ்சது 2 வருஷம் வேலையில இருந்திருக்கணும், சந்தா கட்டின நாள் கணக்கும் உண்டு. இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துல கேளுங்க.

அக்காகிட்ட அந்தக் கார்டு இருந்துச்சு. கரண்ட் வச்சுட்டு வந்து சாயங்கால ஷிப்ட்ல தரை துடைச்சாங்க. இப்படி ஒரு உதவி இருக்குன்னு அவங்களுக்கும் தெரியாது, அன்னைக்கு எனக்கும் தெரியாது.

12.
"ஊர் கூடணும்னு சொல்றீங்களே, எந்த ஊரு டாக்டர்?" இதுதான் நியாயமான கேள்வி. ஊர்னாலே சொர்க்கம்னு நான் சொல்ல வரல. புற்றுநோய் தொத்தும்னு தனித் தட்டு வச்சதும் இதே ஊர்தான். தொத்தாதுங்க, கூட உட்கார்ந்து சாப்பிடுங்க. கர்ப்பப்பைன்னதும் நடத்தையைப் பத்திக் கிசுகிசு பேசினதும் ஊர்தான். ஊர்த் தெரு, காலனித் தெருன்னு பிரிச்சு வச்சிருக்கிறதும் ஊர்தான்.

நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்ல 1,100 வருஷத்துக்கு முந்தைய கல்வெட்டு இருக்கு. ஏரியைப் பார்த்துக்கவே தனி வாரியம், குடவோலை போட்டு ஆள் எடுத்தாங்க. பெருமைதான். ஆனா அந்தக் குடத்துல இந்த அக்காவோட முப்பாட்டி பேர் விழுந்திருக்காது. நிலம் இல்லாதவங்களுக்கும் பெண்களுக்கும் அதுல இடமில்ல. அந்த ஏற்பாட்டை எடுத்துக்குவோம், அந்தக் கதவை எடுத்துக்க வேண்டாம். ஹாஸ்டல்ல இருக்கிற தர்மபுரிப் பொண்ணும், லைன் வீட்டுல இருக்கிற ஒடிசாப் பையனும் இப்ப இந்த ஊர்தான்.

13.
செய்ய முடியுமா? செஞ்சிருக்காங்க. 1993ல கோழிக்கோட்டுல சில டாக்டர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து வலி நிவாரண சங்கம் ஆரம்பிச்சாங்க. அடுத்த பத்து வருஷத்துக்குள்ள மலப்புறம் பக்கமெல்லாம் அக்கம்பக்கத்து மக்களே பயிற்சி எடுத்து, சில்லறை சில்லறையாக் காசு போட்டு, வீடு வீடாப் போய் நோயாளிகளைப் பார்க்கிற வலைப்பின்னல் வந்துச்சு. 2008ல கேரள அரசு அதையே கொள்கையாக்குச்சு.

நம்ம ஊர்லயும் நடந்திருக்கு. தங்கச்சியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மனசுக்குள்ள வச்சுக்கல. பெண்கள் அமைப்போட சேர்ந்து நிதி திரட்டி 1954ல அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 12 படுக்கையோட.

14.
அக்காவோட பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். அந்தப் பழைய நடவு செட்டு ஒரு ஓரமா உட்கார்ந்திருந்தாங்க. 19 நாள் கணக்கைச் சொன்னேன். ஒரு அம்மா எம்மேல பாய்ஞ்சாங்க: "சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டோமா? எங்க யாருக்கும் தெரியாதே!"

அக்கா வெட்கப்பட்டுச் சொல்லல. நாம கேட்கல. ரெண்டும் சேர்ந்துதான் அந்த 19 நாள்.

மூணு மாசத்துல அதே தெருவுல இன்னொரு அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். இந்தத் தடவை அந்த செட்டு விடல. காலண்டர் அட்டைக்குப் பின்னாடி பேர் எழுதிக் கதவுல மாட்டினாங்க. அவங்கவங்க வார லீவு என்னைக்குன்னு பார்த்துப் பங்கு போட்டாங்க. கீமோ முடிஞ்ச ஒன்பதாம் நாள் ராத்திரி காய்ச்சல் 101. கீமோ காலத்துல 100.4க்கு மேல போனா விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரின்னு அவங்களுக்குச் சொல்லி வச்சிருந்தேன். எதிர் லைன் வீட்டு ஒடிசாப் பையன் பைக்கை எடுத்தான், ஒரு அம்மா பின்னாடி தாங்கிப் பிடிச்சுட்டுப் போனாங்க.

அப்புறம் 15 நாள் கரண்ட். ஒரு நாள் கூட விடுபடல, ஒரு நாள் கூடத் தனியாப் போகல. முழுசாக் குணமாகிடுவாங்களா? வாக்கு கொடுக்க மாட்டேன். ஆனா "நான் சரியாத் தைரியமா இல்லையோ?"ன்னு அவங்க என்கிட்ட கேட்டதே இல்ல.

15.
அந்த இன்ஜினியரிங் பையனையும் இதுல இழுத்து விட்டேன். எந்தத் தெரு முதல்ல மூழ்கும், எந்த வழி கடைசி வரை திறந்திருக்கும்னு 2015, 2023 வெள்ளத்தைப் பார்த்த பெரியவங்களைக் கேட்டு ஒரு வரைபடம் போட்டான். கீமோ, டயாலிசிஸ், நிறைமாச கர்ப்பிணின்னு யார் யார் எந்த வீட்டுல இருக்காங்கன்னு ஒரு தனி நோட்டு. அதை அந்தந்த வீட்டுல சம்மதம் கேட்டுத்தான் எழுதினான், சுகாதாரத் தன்னார்வலர் அம்மா கையிலதான் இருக்கு. யார்கிட்ட டிராக்டர் இருக்குன்னும் அதுல இருக்கு. மழை அடிச்சா இப்பவும் முழிப்பு வருதாம். "ஆனா சும்மா படுத்திருக்க வேண்டியதில்ல டாக்டர், போன் பண்ண ஆள் இருக்கு"ங்கறான்.

16.
உங்க தெருவுக்கு இதை எடுத்துட்டுப் போங்க.

யாருக்காவது சிகிச்சைன்னு தெரிஞ்சா "ஏதாவது உதவி வேணுமா?"ன்னு கேட்காதீங்க. எல்லாரும் வேணாம்னுதான் சொல்வாங்க. "வியாழக்கிழமை நான் கூட வர்றேன்"னு சொல்லுங்க.

நோயாளிகளே, மறைக்காதீங்க. ஊருக்கே சொல்ல வேண்டாம், நாலு பேருக்குச் சொல்லுங்க.

வலிக்கு மார்ஃபின் எழுதிக் கொடுத்தா பயப்படாதீங்க. டாக்டர் சொன்ன அளவுல எடுக்கிற நோயாளி போதைக்கு அடிமையாகிறது ரொம்ப அபூர்வம். வலியைப் பொறுத்துக்கறது வீரம் இல்ல.

கிராம சபை இப்ப வருஷத்துக்கு 6 தடவை. அதுல மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். ஏரி வரத்துக் கால்வாய் எங்கே அடைஞ்சிருக்குன்னு அன்னைக்குக் கேளுங்க. அக்டோபர் 2 வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி வருது. வெள்ளம் வந்தா நோயாளிகளை எப்படி வெளியே கொண்டு போறதுன்னு அன்னைக்குத் தீர்மானம் போடுங்க.

17.
எழவுக்குப் போகலைன்னா நம்ம ஊர்ல விட மாட்டாங்க. "ஏன் வரல?"ன்னு வருஷக்கணக்காக் கேட்பாங்க. வெள்ளம் வந்து வீடு போன பிறகு சாப்பாட்டுப் பொட்டலத்தோட ஓடி வர்றதுலயும் நம்மளை அடிச்சுக்க ஆள் இல்ல. முடிஞ்ச பிறகு கூடறதுக்கு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

அதே கேள்வியைக் கொஞ்சம் முன்னாடி கேட்கப் பழகுவோம். கரண்ட் வைக்கிற இடத்துக்கு ஏன் வரல? வரத்துக் கால்வாயைப் பார்க்க ஏன் வரல?

அந்த அக்காவோட அஞ்சலி பேனர் இன்னும் கம்பத்துல தொங்குது, வெயில்ல வெளுத்துப் போய். கீழே "துக்கத்தில் பங்கேற்கும்"னு போட்டு 32 பேரோட போட்டோ. எண்ணிப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு நாள் வந்திருந்தாலே 25 நாளும் முடிஞ்சு, 7 பேர் மிச்சம் இருந்திருப்பாங்க.

உங்க தெருவுல இப்ப யாருக்குச் சிகிச்சை நடக்குது? தெரியலைன்னா இன்னைக்குச் சாயங்காலம் விசாரிங்க.


ஒரு பொது மருத்துவர், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம்.